கண்ணை உறுத்தாமல்

மீன் கம்பனியில் வேலை பார்த்தவள் என்றால் அருவருப்பெல்லாம் எப்போதோ பழகிப்போயிருக்கும் என்று நினைப்பார்கள். உண்மைதான். உள்துறைமுகக் கரையில் இருந்த எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஐஸ் அறை. மீன் கழுவிய தண்ணீர் வாசற்படி வரை வந்து நிற்கும். குடல், செதிள், பெட்டிகளில் காய்ந்துபோன இரத்தம் எல்லாவற்றையும் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் கணினித் திரைக்கு முன்னால் குனிந்து, வாயை வட்டமாகத் திறந்து, "ஹா" என்று கண்ணாடியில் மூச்சை ஊதி, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மெதுவாகத் துடைப்பாரே, அந்த அருவருப்பு மட்டும் எனக்கு இன்றைக்கும் பழகவில்லை.

அவர் எங்கள் மனேஜர். கெட்டவர் என்று அவரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். குரலை உயர்த்திக் கதைத்து நான் கேட்டதில்லை. தேத்தண்ணி வைத்தால் நன்றி சொல்வார். பெண் பிள்ளைகளோடு மரியாதையாக நடப்பார். என் தங்கச்சியின் கல்யாணத்துக்குச் சீலை எடுக்கப்போன அன்று, கடையிலிருந்து படம் அனுப்பி அவரிடம்தான் நிறம் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் எடுத்தோம். எல்லோரும் மெச்சினார்கள். அவருக்குக் கண் இருந்தது. கண் மட்டும்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவர் வந்த முதல் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல கணினி. அதன் முகப்பு ஒரு சந்தை மாதிரி இருக்கும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு கோப்புறை, அதன் மேல் அந்தந்தப் படகின் படம். ஐஸ், டீசல், ஆட்கள் விபரம் என்று கொட்டை எழுத்தில் பெயர்கள். நடுவில் படகுகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கடல் வரைபடத்தில் காட்டும் மென்பொருள். வடிவென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை நடக்கும். றகீம் நானா, கிண்ணியாக்காரர், முந்தி ஆழ்கடலுக்குப் படகோட்டிப் போன தண்டையல், வயசான பிறகு கரையில் இருந்து வானொலியில் படகுகளோடு கதைக்கிற வேலை பார்த்தவர். அவருக்குக்கூட அந்தத் திரை கை ரேகை மாதிரிப் பாடம்.

புது மனேஜர் அதைப் பார்த்தார். பொதுக் கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டவர் மாதிரி அவர் முகம் சுருங்கியது.

"ஐயோ தங்கச்சி, இதை எப்படி நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"பாக்கிறதில்லை சேர். வேலைதான் செய்யிறனான்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். என்னைக் கதிரையிலிருந்து எழும்பச் சொன்னார். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் திரும்பி வந்தபோது சந்தை காலியாகியிருந்தது. திரை முழுக்கப் பனி மூடிய ஒரு ஏரி, கரையில் எந்த ஊரிலோ நிற்கிற ஊசியிலை மரங்கள். அடியில் பெயர் இல்லாத மூன்று வெள்ளை வட்டங்கள். எதற்குள் எது என்று அமத்திப் பார்த்தால்தான் தெரியும். கீழே இருந்த பட்டை ஒளிந்துகொண்டது. மவுஸை விளிம்புக்குக் கொண்டுபோனால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒளியும். அம்புக்குறியைப் பாதி தெரிகிற சின்னப் புள்ளியாக மாற்றியிருந்தார். எழுத்தெல்லாம் மெல்லிய சாம்பல் நிறம்.

"டெஸ்க்டொப் எண்டது ஒரு முகம். முகத்தில ஆரும் சாமான் அடுக்குவினமோ?" என்றார்.

இது அவருடைய வேதவாக்கு. பிறகு எத்தனையோ தடவை கேட்டேன்.

றகீம் நானா வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். வெள்ளைச் சீலையில் விழுந்த உப்புக் கல்லைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் புள்ளியைத் தேடினார்.

"சேர், படகுப் படமெல்லாம் எங்க போன?"

"உள்ளுக்குத்தான் நானா இருக்கு. ஒண்டும் தொலையேல்ல. கொஞ்சம் பழகினால் சரி."

"பழகிறதுக்கென்ன, பழகலாம். ஆனா ஏன் பழகணும் எண்டுதான் எனக்கு விளங்கல்ல" என்றார் நானா.

அதற்கும் மனேஜர் புன்னகைத்தார்.

நான் ஒரு வேலை செய்தேன். சின்னச் சின்னத் தாளில் 'படகு', 'ஐஸ்', 'ஆட்கள்' என்று எழுதி, திரையின் கீழ்ச் சட்டத்தில் அந்தந்த வட்டத்துக்கு நேரே ஒட்டிவிட்டேன். நானாவுக்கு உயிர் வந்தது. அடுத்த நாள் காலை நான் வரும்போது மனேஜர் திரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். சுண்டுவிரலில் நீளமாக வளர்த்து மினுக்கி வைத்திருந்த நகத்தால், நான் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். பசை போகாத இடத்தில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார். புண்ணுக்கு மருந்து போடுகிறவர் மாதிரி அவ்வளவு பக்குவம். என்னைக் கண்டதும், "கோவிக்காதேங்கோ தங்கச்சி, என்னால பாக்க ஏலாமல் இருந்தது" என்றார். உரித்த தாள்கள் அவர் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தன. எனக்கு அவர் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

அவருக்கு இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தங்கள் கணினி முகப்பைப் படம் பிடித்துப் போட்டு ஒருவரை ஒருவர் மெச்சுகிற இடம். கைபேசியைக் கொண்டுவந்து காட்டுவார். "பாருங்கோ, நோர்வேயில இருந்து ஒரு ஆள் 'என்ன அமைதி' எண்டு எழுதியிருக்கு." அந்த அமைதியைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் நான் எழும்ப வேண்டும். திறந்து கிடக்கிற வேலையெல்லாம் மூட வேண்டும். மேசையில் இருந்த ரசீதுகளை, என் சாப்பாட்டுப் பெட்டியை, நானாவின் மூக்குக்கண்ணாடியை எல்லாம் நிலத்தில் இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பை கோப்பியை வைத்துப் படம் எடுப்பார். அந்தக் கோப்பியை அவர் குடித்ததில்லை. ஆறி ஆடை படர்ந்து கிடக்கும். பின்னேரம் நான்தான் கழுவி வைப்பேன்.

எங்கள் வாசலுக்கு மான்கள் வரும். ஊருக்குள் திரிகிற மான்களுக்கு இங்கே ஒருவரும் அதிசயப்படுவதில்லை. பக்கத்துப் பழக்கடைக்காரர் போடுகிற தோலையும் மட்டைப் பெட்டியையும் தின்ன வரும். மனேஜருக்கு அவற்றைப் படம் பிடித்துத் திரையில் போட ஆசை. ஆனால் தோலும் பெட்டியும் படத்தில் விழக்கூடாது. ஆளை விட்டு வாசலைக் கூட்டிக் கழுவினார். கமராவோடு நின்றார். மான் ஒன்றும் வரவில்லை. தின்ன ஒன்றும் இல்லாத இடத்துக்கு அதுகள் ஏன் வரப்போகின்றன? அடுத்த நாளும் கழுவினார். அடுத்த நாளும் நின்றார். நானும் நானாவும் உள்ளே இருந்து பார்த்துச் சிரித்தோம். அந்த மட்டில் அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அப்போது சிரித்தவர்களில் யோகராசா பெரிய ஆள். வெருகல் பக்கத்துக் கரைக்காரன். எங்கள் நீலப் படகில் போகிறவன். வலது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. சின்ன வயதில் தூண்டில் கொழுவி இழுத்தது. அதனால் சிரிக்கும்போது ஒரு புருவம் மட்டும் தனியே ஏறும். கடலுக்குப் போகுமுன் அலுவலகத்துக்கு வந்து, தன் படகு வரைபடத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவான். மனேஜர் போட்ட மெல்லிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாது. யோகராசா என் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் இருந்த அறிவித்தலைப் புள்ளி இல்லாமலே தேவாரம் மாதிரி இழுத்துப் படிப்பான்.

"கடலுககுச செலலும முன ஐஸ கடடிகள எடுககவும..."

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மனேஜரும் உள்ளிருந்து வந்து புன்னகைப்பார். "பிரிண்ட் எடுத்தால் புள்ளி தெரியும் தம்பி" என்பார்.

"நடுக்கடலில பிரிண்ட் எங்க சேர் எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, புருவத்தை ஏற்றிக்கொண்டு யோகராசா போய்விடுவான்.

அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடு. உள்ளே போனதும் என் செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை. அங்கே எதையும் விடுகிற மாதிரி இல்லை. சுவரில் சுவிட்சுகளைக் காணவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தன. குசினிக்குள் உதவி செய்யப் போனேன். அவருடைய மனைவி மெலிந்த, பயந்த கண் உள்ள பெண். சுவர்த் தட்டு முழுக்க ஒரே அளவு, ஒரே வெள்ளைப் போத்தல்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு போத்தலாகத் திறந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரு பேர் எழுதி ஒட்டலாமே அக்கா?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு ஒரு மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் சிவப்பு நூல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. "இது மிளகாய்த்தூள். போன கிழமை கண்டிட்டார். இனி இதையும் எடுக்கோணும்" என்றார் மெதுவாக. "அவருக்குப் படம் பிடிக்கோணும். எனக்குச் சமைக்கோணும். என்ன செய்யிறது?"

அன்றைக்கு எங்களுக்கு வந்த தேத்தண்ணியில் உப்பு. பிள்ளைகள் வாயிலிருந்து துப்பின. அந்த அம்மா முகம் வெளுத்துப்போய் நின்றார். மனேஜர் எழும்பிப் போய் அவர் தோளில் கை வைத்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவ கொஞ்சம் கவனமில்லாத ஆள்" என்றார். எவ்வளவு அன்பான குரல். அந்த அம்மாவைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருத்திருக்காது. கேக்கை வாயில் வைக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன்.

இனி அந்தச் சிவப்புப் பெட்டிக்கு வருகிறேன்.

எங்கள் படகு ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவி இருந்தது. அதில் ஒரு பொத்தான். ஆபத்து என்றால் அதை அமத்த வேண்டும். அமத்தினால் எங்கள் திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி பாய்ந்து வந்து கத்தும். ஆராவது அதன் மேல் அமத்தி 'கண்டோம்' என்று சொல்லும்வரை அது போகாது, வேறு வேலை செய்யவும் விடாது. ஒரு நாள் கரையில் கட்டியிருந்த படகில் எவனோ கைதவறி அமத்திவிட்டான். மனேஜர் அந்த நேரம் பார்த்து ஒரு புதுப் படத்தைத் திரைக்குப் பொருத்திக்கொண்டிருந்தார். பெட்டி வந்து கத்தியதும் கதிரையோடு பின்னால் போனார்.

"சீ! என்ன அசிங்கம் இது? மீன் வெட்டுற இடம் மாதிரி!"

"அது அப்பிடித்தான் சேர் இரிக்கணும்" என்றார் றகீம் நானா. "அது வடிவுக்கில்ல. முழிக்க வைக்கிறதுக்கு."

மென்பொருள் தந்த கொழும்பு நிறுவனத்துக்கு அழைத்து நிறத்தை மாற்ற முடியுமா என்று கேட்டார். ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார முடிவில் தானே இருந்து எதையோ செய்தார். திங்கட்கிழமை சொன்னார்: "அந்தச் சிவப்பைக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கிறன். இனி ஒருத்தரும் திடுக்கிடத் தேவையில்லை."

சத்தத்தைக் குறைத்திருக்கிறார், நிறத்தைச் சற்று மங்கலாக்கியிருக்கிறார் என்றுதான் நாங்கள் விளங்கிக்கொண்டோம். உண்மையில் அவர் பெட்டியையே எடுத்துவிட்டார். சத்தத்தை முழுதாக அடைத்துவிட்டார். அதற்குப் பதிலாகத் திரையின் மேல் மூலையில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்றை வைத்திருந்தார். ஆபத்து என்றால் அது இளரோசாவாக மாறும். அந்த நாட்களில் திரையில் இருந்தது விடியற்காலை வானம். முழுக்க இளரோசா.

காற்று மாறிக்கொண்டிருந்த ஒரு காலை. நான் வந்து கணினியைத் திறந்தபோது நானா ஏற்கனவே வானொலியில் நீலப் படகைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் இல்லை. "அன்ரனா சரிஞ்சிருக்கும் புள்ள. பொத்தான் இரிக்கிதானே, ஏதும் எண்டா அமத்துவானுகள்" என்றார். நான் திரையைப் பார்த்தேன். விடியற்காலை வானம். ஒரு பெட்டியும் இல்லை, சத்தமும் இல்லை. ஐஸ் கணக்கு அடித்தேன், சம்பள விபரம் அடித்தேன். மனேஜர் இடையில் வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து, கண்ணாடியில் ஊதித் துடைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கொழும்பிலிருந்து தொலைபேசி. மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிற ஒரு பெண். "உங்கட படகு ஒண்டு விடியத் தொடக்கம் ஆபத்து எண்டு காட்டிக்கொண்டே இருக்கு. நீங்கள் இன்னும் 'கண்டோம்' அமத்தேல்லையே. அங்க ஒருத்தரும் இல்லையோ?"

நானாவிடம் சொன்னேன். அவர் எழும்பி வந்து, திரை முழுக்கக் கையால் தடவினார். "எங்க? எங்க புள்ள? எங்க?" என்று கேட்டுக்கொண்டே தடவினார். பிறகு ஓடிப்போய்க் கடற்படைக்குச் சொன்னார்.

அவர்கள் உடனேயே போனார்கள். பின்னேரம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இயந்திர அறைக்குள் தண்ணீர் ஏறிப் படகு மூழ்கிப்போய்விட்டது. மீன் பெட்டிகளையும் கலன்களையும் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். எல்லோரும் வந்தார்கள், யோகராசா வரவில்லை. இறங்குதுறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்த தண்டையல் எங்களைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "உச்சி வெயில் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தவன். நானா எப்பிடியும் அனுப்புவார், நானா பாத்திருப்பார் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தவன்."

றகீம் நானா அந்த இடத்திலேயே, ஈரச் சீமெந்தில் குந்திவிட்டார்.

மனேஜர் அழுதார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார். மூக்கு சிவந்து, தோள் குலுங்கி அழுதார். அதைப் பார்த்து இரக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து முதலாளி விசாரிக்க வந்தார். மனேஜர் சுவரில் காட்ட ஸ்லைட்டுகள் செய்து வைத்திருந்தார். பக்கம் பக்கமாக மங்கிய நீலம், நிறைய வெற்றிடம், ஓரத்தில் மெல்லிய எழுத்து. ஒரு பக்கத்தில் யோகராசாவின் பெயர் தனியே, நடுவில், சாம்பல் நிறத்தில். அதைப் பார்த்து முதலாளி தலையை ஆட்டினார், நல்லாயிருக்கு என்கிற மாதிரி. அறிவித்தல் வேலை செய்தது, திரையில் காட்டியது, ஆனால் கவனிக்கப்படவில்லை என்று மனேஜர் தன் மென்மையான குரலில் விளக்கினார். கவனிக்காதவர்கள் நாங்கள்.

நான் எழும்பினேன். "சேர், அதை ஒருக்கா எங்களுக்குக் காட்டுங்கோ. நாங்கள் கவனிக்காமல் விட்டது எதையெண்டு பாப்பம்."

முதலாளியும் பார்க்க விரும்பினார். நானா கரையில் கட்டியிருந்த படகுக்குத் தொலைபேசி எடுத்துப் பொத்தானை அமத்தச் சொன்னார். எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றோம். திரையில் விடியற்காலை வானம். ஒன்றும் நடக்கவில்லை.

"அமத்தியாச்சோ?" என்று முதலாளி கேட்டார்.

"ஓம், அமத்திப்போட்டு நிக்கிறான்" என்றார் நானா.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எங்க?"

மனேஜர் மட்டும் கண்டார். மேல் மூலைக்கு விரலைக் கொண்டுபோனார். "இந்தா சேர், இதில. முதல் சாம்பல். இப்ப ரோசாவா மாறியிருக்கு." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தான் செய்த நல்ல வேலையை ஒருவருக்குக் காட்டுகிறவனின் வெளிச்சம். "பாருங்கோ, கண்ணை உறுத்தாமல்..."

அங்கே நின்றுவிட்டார். விரல் கண்ணாடியிலேயே இருந்தது. றகீம் நானா திரும்பி அறையை விட்டு வெளியே போனார்.

அந்த ஒரு கணம் அவருக்குத் தன்னைத் தெரிந்தது என்று நினைத்தேன். அது அவரை மாற்றும் என்றும் நினைத்தேன். விசாரணையின் முடிவில் தொடர்பாடல் குறைபாடு என்று எழுதினார்கள். சிவப்புப் பெட்டியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். அவரைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள், கம்பனியின் இணையப் பக்கத்தை வடிவாக்கித் தர. முதலாளிக்கு அந்த ஸ்லைட்டுகள் அவ்வளவு பிடித்திருந்தன.

அவர் போகுமுன் யோகராசாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, வந்தது. உடல் கிடைக்கவில்லை. அடையாள அட்டையும் கைபேசியும் அவனோடேயே போய்விட்டன. கல்யாணப் படம் சண்டைக்குள் இடம்பெயர்ந்த காலத்தில் எங்கேயோ விடுபட்டது. அவன் மனைவி வெருகலிலிருந்து பஸ் ஏறி வந்து, ஆட்கள் விபரத்துக்காகக் கம்பனியில் எப்போதோ எடுத்த படம் இருக்குமா என்று என்னிடம் கேட்டார். இருந்தது. முந்தைய மனேஜர் காலத்தில், ஐஸ் அறைச் சுவரில் சாய்ந்து நிற்கவைத்து எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வெற்றிலைக் கறைப் பல் தெரிய, ஒரு புருவம் தனியே ஏறி நிற்கும். பெரிதாக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மனேஜர் உள்ளிருந்து வந்தார்.

"அதை என்னட்டை விடுங்கோ. நானே செய்து, சட்டம் போட்டுக் கொண்டுவாறன். இதையாவது நான் செய்யிறன்."

கண் கலங்கியிருந்தது. அந்த மனிசி கை எடுத்துக் கும்பிட்டார்.

அந்தியேட்டி அன்று கம்பனி வேனில் போனோம். மனேஜர், றகீம் நானா, நான், ஓட்டுநர். சட்டம் போட்ட படம் பழுப்புத் தாளில் சுற்றி மனேஜரின் மடியில் இருந்தது. வீட்டு முற்றத்தில் தறப்பாள் பந்தல். ஒரு கதிரையில் வெள்ளைத் துணி விரித்துப் படத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு, தேங்காய், பழம், அவனுக்குப் பிடித்த சாமான்கள். மனேஜர் தாளைப் பிரித்து, இரண்டு கையாலும் படத்தை அந்த மனிசியிடம் கொடுத்தார்.

அவர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சனம் எட்டிப் பார்த்தது.

"இது ஆர் சேர்?" என்று கேட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். பனி மூடின பின்னணி. வழுவழுவென்று ஒரு முகம், பல் வெள்ளை, கண் திறந்து, இரண்டு புருவமும் ஒரே வளைவில். தழும்பு இல்லை. கறை இல்லை. வெயில் இல்லை. சினிமா விளம்பரத்தில் வருகிற ஒருவன்.

"உங்கட அவர்தான். கொஞ்சம் துப்பரவாக்கினனான்" என்றார் மனேஜர்.

"இந்த வெட்டு எங்க?" அவர் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அதை எடுத்திட்டன். அது படத்துக்குக் கொஞ்சம்..."

"பழைய படம் கிடக்கோ சேர்? அது சின்னனெண்டாலும் பரவாயில்லை."

மனேஜர் படம் சுற்றி வந்த பழுப்புத் தாளை மடித்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகுதான், ஆகச் சின்னக் குரலில் சொன்னார். "அதுக்கு மேலயேதான் சேவ் பண்ணினனான்."

அந்த மனிசிக்கு அது விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படம் இனி இல்லை அக்கா என்று சொன்னேன். அவர் அழவில்லை. சட்டத்தைக் கீழே, பாயில், கவிழ்த்து வைத்தார். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. யோகராசாவின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார், கழுத்துப்பட்டி நைந்த கட்டம் போட்ட சட்டை. அதைக் கதிரையின் சாய்மானத்தில் போட்டு, தோளைச் சரிசெய்து, விளக்கை அதற்கு முன்னால் ஏற்றினார். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.

அந்தியேட்டி முடிந்து திரும்பினோம். வேன் ஆற்றுப் பாலம் தாண்டி வயல்வெளிக்குள் வந்துவிட்டது. மனேஜர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, எனக்கென்று சொன்னார்:

"அவைக்கு விளங்கேல்ல தங்கச்சி. நான் எவ்வளவு நேரம் இருந்து செய்தது தெரியுமோ? உண்மையில அவனை நான் எவ்வளவு வடிவாக்கினனான்..."

"அண்ணை, வேனை நிப்பாட்டுங்கோ" என்றேன் ஓட்டுநரிடம்.

"இஞ்சயோ? இஞ்ச ஒண்டும் இல்லையே பிள்ளை."

"பரவாயில்லை, நிப்பாட்டுங்கோ."

நிற்பாட்டினார். கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். வெயில் முகத்தில் அடித்தது. சுற்றவர வயல், ஒரு மரம் இல்லை. மனேஜர் உள்ளே இருந்து, "என்ன தங்கச்சி, சுகமில்லையோ? தண்ணி தரட்டோ?" என்று கேட்டார். உண்மையான அக்கறை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் கதவு இன்னொரு தடவை திறந்து மூடியது. றகீம் நானா இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேன் சற்று நேரம் நின்றது. பிறகு போனது. நாங்கள் இருவரும் வேன் போன மூதூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, பஸ் வரும் வரைக்கும் அந்த ரோட்டில் நின்றோம்.